வாயைக் கட்ட வேண்டிய தந்தி

தம்பிக்கு,

நீ விட்டுப் போன பேஸ் கிட்டாரைத்தான் இப்போது நான் வாசிக்கிறேன். நம் இசைக்குழுவுக்கு வேறு ஆள் கிடைக்கவில்லை. என் பழைய நாலு தந்திக் கிட்டார் உன் பாட்டுகளின் ஆழத்துக்கு இறங்கி வராது.

உன்னுடையதில் மேலே ஒரு தடித்த தந்தி கூடுதலாக இருப்பதைக் கை இன்னும் நம்பவில்லை. இருபது வருடமாக மேலிருந்து எண்ணிப் பழகிய கை, பழக்க தோஷத்தில் அதையே மீட்டிவிடுகிறது. செவ்வாய்க்கிழமை, தையல் கடை மாடி ஒத்திகையில், அப்படி ஒரு தப்பு ஸ்வரம் அடியாழத்தில் உறுமியது. யாரும் என்னைப் பார்க்கவில்லை. எல்லோரும் வாசலைப் பார்த்தார்கள். அங்கே அந்த ஆழத்தில் வாசித்தது நீ ஒருவன்தானே.

டிரம்ஸ்காரன் சொன்னான்: "அந்தத் தந்தியை வாசிக்கிறது பெரிசில்லக்கா. மத்ததை வாசிக்கிறப்போ அது தானா முனகும். கட்டை விரலை மேல வச்சு அதோட வாயைக் கட்டணும்."

வாயைக் கட்டுவது எனக்கு எவ்வளவு வரும் என்று உனக்குத் தெரியும். நீ கோபித்துக்கொண்டு போன அன்றைக்கு அது எனக்கு வந்திருந்தால் இந்தக் கிட்டார் உன் தோளில்தான் இருந்திருக்கும். இப்போது பழகுகிறேன். நேற்று மூன்று பாட்டு முழுக்க விரலை எடுக்கவில்லை.

தோள் வார் உன் உயரத்துக்கு வைத்தது. கிட்டார் என் தொடையில் இடிக்கிறது. "வாரைக் கொஞ்சம் ஏத்திக்கோக்கா, ரெண்டு நிமிஷ வேலை" என்றான் அவன். பார்க்கலாம் என்றேன்.

ஏற்றவில்லை. நீ வந்தால் மறுபடி இறக்குகிற வேலை மிச்சம்.

இப்படிக்கு,
குனிந்தே வாசிக்கும்
அக்கா