உலகம் முடியும் என்ற வெள்ளிக்கிழமை

டிக்கோயா,
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகன் ஜீவராஜுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் தங்கச்சி தனுஷிகாவும் உயிரோடு, கைகால் சுகத்தோடு இருக்கிறோம், அதை முதலில் மனதில் போட்டுக்கொண்டு பிறகு மற்றதைப் படி. கட்டாரில் அந்த வெயிலில் உனக்கும் ஒரு குறையும் வராமல் நம் மாரியம்மா பார்த்துக்கொள்ளட்டும். போனில் சொல்லாமல் எதற்குக் கடதாசி என்று நினைப்பாய். நாங்கள் இன்னும் பள்ளிக்கூட மண்டபத்தில்தான் இருக்கிறோம், பாய்க்குப் பாய் ஒரு குடும்பம், ஒரு வார்த்தை பேசினால் பத்துப் பேர் காதில் விழும், அம்மா காதிலும் விழும். அதனால் தங்கச்சியின் கொப்பியில் தாள் கிழித்து எழுதி, லீவு முடிந்து அங்கே திரும்புகிற கந்தப்பளைப் பையனிடம் கொடுத்துவிடுகிறேன். அம்மா ஏன் போனுக்கு வருவதில்லை என்று நீ ஒவ்வொரு தடவையும் கேட்கிறாய், தலைவலி, குளிக்கப் போய்விட்டாள் என்று நானும் சொல்லிக்கொண்டே இருந்தேன். இனி அப்படிச் சொல்ல எனக்கு மனமில்லை. மண் சரிந்து நம் லயத்து வரிசை வீடுகள் போனதும் அழகுமுத்து பெரியப்பா இறந்ததும் உனக்குத் தெரியும். எல்லாரையும் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்ட பிறகு அவர் எப்படி லயத்தில் இருந்தார் என்று நீ கேட்கவில்லை. அவர் மட்டுமில்லை தம்பி, நாங்களும் அங்கேதான் இருந்தோம்.

மேல்மலையில் விழுந்த வெடிப்புக்குள் என் கை முழங்கை வரை போனது. அதிகாரிகள் வந்து பார்த்துவிட்டு ஒருத்தரும் லயத்தில் இருக்கக்கூடாது என்றார்கள், பின்பக்கத்து ஊற்றுத் தண்ணீர் கலங்கினாலோ நின்றுபோனாலோ திரும்பிப் பார்க்காமல் ஓடுங்கள் என்றும் சொன்னார்கள். நாங்கள் இங்கே வந்து படுத்த அந்த வாரத்தில்தான், புதன்கிழமை, நீ அம்மாவின் போனுக்கு அந்த வீடியோவை அனுப்பினாய். வானத்திலிருந்து மலை போல ஒரு கல் வருகிறது, வெள்ளிக்கிழமை மத்தியானம் பூமி எரிந்து சாம்பலாகும், பெரிய நாட்டுக்காரர்கள் மறைத்து வைத்திருக்கிறார்கள் என்று ஒரு குரல் அழுத்தி அழுத்திச் சொல்லியது, பின்னால் நெருப்பாக எரிந்தது. கீழே நீ, அம்மா இது உண்மையா, எனக்குப் பயமா இருக்கு, எல்லாரும் ஒன்னா இருங்க என்று எழுதியிருந்தாய். நீ விளையாட்டுக்கு அனுப்பவில்லை, தூரத்தில் தனியாகக் கிடந்து பயந்துபோய் அனுப்பினாய் என்பது எனக்குத் தெரியும். ஆனால் அம்மா அதைக் கேள்வியாகப் படிக்கவில்லை. எம்புள்ள வெளிநாட்டுல இருக்கான், அவனுக்குத் தெரியாமலா சொல்லுவான் என்று ஒவ்வொரு பாயாகப் போய்க் காட்டினாள். இருட்டுவதற்குள் மண்டபமே அதைப் பார்த்துவிட்டது. சாவுறதுன்னா நம்ம வீட்டுக் காம்பராவுல சாவோம், இங்க அடுத்தவன் காலடியில கெடந்து சாவணுமா என்று ஒருத்தர் சொல்ல, அது எல்லார் வாயிலும் வந்துவிட்டது.

வியாழக்கிழமை பிரேமினி டீச்சர், தங்கச்சிக்கு விஞ்ஞானம் படிப்பிக்கிற பிள்ளை, எல்லாரையும் உட்காரவைத்து கரும்பலகையில் சூரியனைப் போட்டுக் காட்டியது. அப்படி ஒரு கல்லும் வரவில்லை, வந்தால் உலகம் முழுக்கத் தெரிந்திருக்கும் என்று பொறுமையாகச் சொன்னது. அதோடு நிறுத்தியிருக்கலாம். அறிந்த பிள்ளையல்லவா, மறைக்கத் தெரியவில்லை. சூரியனுக்கும் ஒரு முடிவு இருக்கு, பல நூறு கோடி வருசத்துக்குப் பொறகு அது வீங்கி இந்தப் பூமிய எரிச்சுப்போடும், அதுக்கும் எவ்வளவோ காலத்துக்குப் பொறகு வானத்துல இருக்கிற நட்சத்திரமெல்லாம் ஒன்னொன்னா அணைஞ்சுபோகும், ஆனா அதுக்கு இப்ப ஒன்னும் அவசரமில்ல என்றது. பின்னாலிருந்து ஒரு குரல், பாத்தீங்களா, டீச்சரே ஒத்துக்கிட்டாங்க என்றது. அவ்வளவுதான். மற்றது யார் காதிலும் ஏறவில்லை. எனக்கு அந்த நட்சத்திரங்கள் அணைவது மனதை விட்டுப் போகவில்லை, அது பயமா என்று இன்னும் தெரியவில்லை. அத்தனை கோடி வருசம் நிக்கப்போற உலகத்துல ஒரு வெள்ளிக்கிழமைய இந்தப் பாயில ஒக்காந்து கழிக்க முடியாதா என்று கத்தினேன். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் ஏழெட்டுக் குடும்பங்கள் புறப்பட்டன. தடுக்கிற ஆட்கள் யாரும் அப்போது இல்லை, தோட்டத் தலைவர் ஹட்டனுக்கு அரிசி எடுக்கப் போயிருந்தார். நான் அம்மாவுக்கு முன்னால் போய் வழியை மறித்தேன். நீங்க வந்தா வாங்க, இல்லாட்டி இருங்க, எனக்கு எங்கூட்டு வெளக்கு முன்னால இருக்கணும் என்று என்னை விலக்கிக்கொண்டு நடந்தாள். அம்மாவத் தனியா விட முடியாதுப்பா என்று தங்கச்சியும் போய்விட்டது. நானும் பின்னால் போனேன், வேறு என்ன செய்ய. மழை தூறிக்கொண்டிருந்தது. அம்மா காம்பராவைக் கூட்டி, விளக்கேற்றி, உன் சின்ன வயதுப் பெயரைச் சொல்லிச் சொல்லிக் கும்பிட்டாள். எனக்குக் கண்ணெல்லாம் மேல்மலையில் இருந்தது. அவர்கள் வானத்தைப் பார்த்தார்கள், நான் மண்ணைப் பார்த்தேன். கடைசிக் காம்பரா இஸ்தோப்புத் திண்ணையில் அழகுமுத்து அண்ணன் குளித்துச் சவரம் செய்து வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வியாழக்கிழமையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை என்றார். நீங்களுமா நம்புறீங்க அண்ணே என்று கேட்டேன். நம்புறேனோ இல்லையோ வீரய்யா, ஊரே போவும்போது கூடப் போனா தனியாப் போன மாதிரி இருக்காதுல்ல என்றார். அண்ணி போன பிறகு அந்தக் காம்பராவில் ஒற்றை ஆளாக இருந்தவர்.

மத்தியானமும் வந்தது. தங்கச்சி அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தது, லயத்தில் ஒரு சத்தமில்லை. ஒன்றும் விழவில்லை. தூறல்கூட நின்று கொஞ்சம் வெயில் தலைகாட்டியது. யாரோ ஒரு பொம்பளை முதலில் சிரித்தாள், பிறகு லயமே சிரித்தது, அம்மா சிரித்துக்கொண்டே அழுதாள். நான் முகம் கழுவலாம் என்று பின்பக்கம் போனேன். ஊற்றுக் குழாயில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. ஓடுங்க, புள்ளைகளத் தூக்குங்க என்று கத்திக்கொண்டே ஒவ்வொரு கதவாகத் தட்டினேன். பயந்த பயத்தில் சனங்களுக்கு எந்தப் பயம் எது என்றே விளங்கவில்லை, தள்ளித் தள்ளித்தான் வெளியே கொண்டுவந்தோம். அழகுமுத்து அண்ணன் அடுப்படியில் நின்றார், முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு. சோத்த வடிச்சுட்டேன்டா, பசி கண்ண மறைக்குது, ஒரு வாய் தின்னுட்டு இந்தா வாறேன், நீ புள்ளகளப் பாரு என்றார். கையைப் பிடித்து இழுத்தேன், உதறினார். தங்கச்சி அப்பா என்று கூப்பிட்டது, நான் திரும்பி ஓடினேன். ரோட்டுக்கு ஏறவும் பின்னால் லொறி கல்லைக் கொட்டுகிற மாதிரி சத்தம் கேட்டது. பார்க்கும்போது லயத்தில் பாதி இல்லை, அவர் காம்பரா இருந்த இடத்தில் சிவப்பு மண்ணும் தேயிலை வேரும்தான். மறுநாள் தோண்டி எடுத்தோம். தனியாகத்தான் போனார் தம்பி.

அன்றிலிருந்து அம்மா போனைத் தொடுவதில்லை. புள்ள சொன்னான்னு நாந்தானே எல்லாருக்கும் காட்டுனேன் என்கிறாள், உன்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. சாப்பாட்டைப் பிசைந்துவிட்டு அப்படியே வைத்துவிடுகிறாள், அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது, உலகத்தின் முடிவைவிடப் பயமாக இருக்கிறது. நீ அனுப்பாவிட்டால் வேறு யாராவது அனுப்பியிருப்பார்கள் என்று என் மனம் சொல்லிப் பார்க்கிறது. இருக்கலாம். ஆனால் அனுப்பியது நீதான், அதை நான் மறைத்தால் அப்பா என்று இருந்து என்ன பிரயோசனம். உன்னை அடிக்க இதை எழுதவில்லை, அருகில் இருந்தால் தலையைத் தடவிக்கொண்டு இதையே சொல்லியிருப்பேன். இது கையில் கிடைத்து வருகிற சனிக்கிழமை தங்கச்சியின் போனுக்குக் கோல் எடு, அதை நானே அம்மாவின் காதில் வைக்கிறேன். அம்மா ஒன்றும் பேசாவிட்டாலும் வைத்துவிடாதே. கேட்டது நான், பதில் தெரியாமல் கேட்டேன், பிழை உங்களுடையது இல்லை என்று சொல். அவளுக்கு அதை உன் வாயால் கேட்க வேண்டும்.

வேளைக்குச் சாப்பிடு, வெயிலில் தலையில் துணி போட்டுக்கொள், பயம் வந்தால் என்னைக் கூப்பிடு, எந்த வேளையானாலும் எடுப்பேன். நம் குலசாமி உனக்கு முன்னும் பின்னும் நிற்கட்டும், நீண்ட ஆயுசோடு நன்றாக இரு. ஒன்றை மட்டும் மறக்காதே. அழகுமுத்து பெரியப்பாவின் மகன் திலக்ஷன், உன்னோடு ஒரே வாங்கில் உட்கார்ந்து படித்தவன், கருமாதி முடிந்து கொழும்புக்கே திரும்பிவிட்டான். அந்த வீடியோ எங்கிருந்து வந்தது என்று அவனுக்கு இன்னும் தெரியாது. ஊர் சொல்லி அவனுக்குத் தெரியக்கூடாது. அம்மாவிடம் பேசிய கையோடு அவனுக்கும் போன் எடுத்து நீயே சொல்லிவிடு. திட்டினால் கேட்டுக்கொள்.

என்றும் உன் நினைவாக இருக்கும் அப்பா,
வீரய்யா