பின்பக்கத்தில் எழுதியது

மார்ச் 4, 2013, திங்கள்

என் கணவன் டாரலுக்கு இன்று பரிசோதனை. போரில் மனம் கெட்டுப்போனது என்று ஊன ஓய்வூதியம் கேட்டால், அரசாங்க டாக்டர் பார்த்துச் சொல்ல வேண்டும்.

பதினொரு நாளாகக் குளிக்காமல் கேரேஜில் கிடந்தவன் காலையில் தாடியை மழித்தான், பூட்ஸுக்குப் பாலிஷ் போட்டான். சட்டையை இஸ்திரி போட்டது நான்தான். ஈராக்கில் ரமாதிக்குப் போகுமுன் இருந்த சார்ஜென்ட் திரும்பி வந்ததுபோல் இருந்தது. எனக்கு வாயெல்லாம் பல்.

இருபது நிமிடத்தில் வெளியே வந்துவிட்டான். தூக்கம் எப்படி என்று கேட்டார்களாம், ‘பரவால்ல மேடம்’ என்றானாம். கோபம் வருமா? ‘எல்லாருக்கும் வர்றதுதான் மேடம்.’ ஏனடா இப்படி என்றேன்.

“வெளிய கால் இல்லாதவன் உக்காந்திருக்கான், கெண்ட்ரா. அவனத் தாண்டி உள்ள போயிட்டு நான் என்னத்தச் சொல்ல?”

மே 21, செவ்வாய்

மறுத்துவிட்டார்கள். டாக்டரின் அறிக்கையும் வந்திருக்கிறது. சுத்தமாக உடுத்தியிருக்கிறார், மரியாதையாகப் பேசுகிறார், கண்ணைப் பார்த்துப் பதில் சொல்கிறார்.

என் இஸ்திரிக்குக் கிடைத்த சான்றிதழ்.

மே 24, வெள்ளி

கோர்ட் கட்டடத்தில் பர்டியைப் பார்த்தேன். வியட்நாம் போய்வந்தவர், இந்த மாவட்டத்துப் படைவீரர்களின் மனுக்களெல்லாம் அவர் மேசை வழியாகத்தான் போகும். அறிக்கையைப் படித்துவிட்டுச் சிரித்தார். “கல்யாண மாப்பிள மாதிரி சோடிச்சு அனுப்பியிருக்கியேம்மா” என்றார். அழுதுவிட்டேன். பிறகு அவர் சிரிக்கவில்லை.

மேல்முறையீடு செய்யலாமாம். கூட இருப்பவர் கண்ணால் கண்டதை எழுதிக் கொடுத்தால் அதற்கு மதிப்பு உண்டாம். நல்லவன், பாவம் என்றெல்லாம் எழுதாதே, நடந்ததை எழுது என்றார். வாசல்வரை வந்தவர் தயங்கிச் சொன்னார்:

“ஃபைல் அவனோடது. நீ எழுதுறது அவன் காதுக்குப் போகும். யோசிச்சுக்கோ.”

மே 26, ஞாயிறு

எழுதவில்லை.

ஜூன் 2, ஞாயிறு

எழுதினேன். முன்பக்கம் சுலபமாக வந்தது. விட்டுவிட்டு வந்த நான்கு வேலைகள். கூட்டமான கடைக்குள் வரமாட்டான். ஜூலை நான்காம் தேதி சுதந்திர தின வெடி ஓயும்வரை நிலவறையில் இருப்பான். போன ஈஸ்டரன்று சாப்பாட்டு மேசையைக் கவிழ்த்தது.

இடம் போதாவிட்டால் பின்பக்கம் எழுதலாம் என்று படிவத்தின் அடியில் இருந்தது.

எங்கள் மகள் மேசிக்கு எட்டு வயது. ஷூ போட்டுக்கொண்டே படுக்கிறாள். ஏன்டி என்று கேட்டதற்கு, “அப்பா கத்துனா ஓடணும்ல? அப்ப லேஸ் கட்ட நேரம் இருக்காது” என்றாள். அவன் காலையில் எழுந்து வருமுன் நான் கழற்றி வைத்துவிடுவேன்.

டாரலுக்கு இது தெரியாது. மத்ததெல்லாம் கெட்டுப்போச்சு, என் பொண்ணுகிட்ட மட்டும் நான் சரியா இருக்கேன் என்பான். அந்த ஒரு நினைப்பில்தான் அவன் நிற்கிறான். நான் அதில் கை வைக்கிறேனே — வேற என்ன பண்ணுவேன்? மருந்து இல்ல, வைத்தியம் இல்ல, இப்படியே விட்டா ஒருநாள் கேரேஜ் கதவத் தெறந்து என்னத்தப் பாப்பேன்?

பின்பக்கத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

ஜூன் 3, திங்கள்

கொடுத்துவிட்டேன். பர்டி பின்பக்கத்தைப் படித்துவிட்டுக் கண்ணாடியைத் துடைத்தார்.

செப்டம்பர் 17, செவ்வாய்

இரண்டாவது பரிசோதனை. சட்டையை நான் தொடவில்லை. இந்த டாக்டர் வயதானவர். என் கடிதத்தை எதிரில் வைத்துக்கொண்டு ஒன்றரை மணி நேரம் பேசினாராம்.

திரும்பும் வழியில் பெட்ரோல் பங்கில் வண்டியை நிறுத்தினான். பெட்ரோல் போட இறங்கவில்லை.

“எத்தன நாளா?”

கிறிஸ்துமஸிலிருந்து என்றேன்.

“எங்கிட்ட ஏன் சொல்லல?”

வாயில் பொய் வரவில்லை. “எனக்கும் பயந்தான், டாரல்.”

சரி என்று தலையாட்டினான், மேலதிகாரி உத்தரவு போட்டதுபோல. கத்தியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். பின்னால் நின்ற வண்டிக்காரன் ஹாரன் அடித்தபின்தான் கிளம்பினோம்.

நவம்பர் 22, வெள்ளி

எழுபது சதவீத ஊனம், ஓய்வூதியம் உண்டு என்று தீர்ப்பு வந்தது. மனைவியின் வாக்குமூலம் நம்பத்தக்கது என்று ஒரு வரி. பர்டி போன் செய்து ஜெயிச்சிட்டோம்மா என்றார்.

டாரல் கடிதத்தை இரண்டு தடவை படித்தான். பிறகு இரண்டு பைகளில் துணியை எடுத்து வைத்துக்கொண்டான். அண்ணன் வீட்டுக்கு, ஒன்பது மைல். சண்டை இல்லை. “புள்ள தூங்கட்டும்” என்றான், அவ்வளவுதான். போகாதே என்று சொல்லத்தான் நினைத்தேன். சொல்லவில்லை. அதை இங்கேயாவது எழுதிவைக்கிறேன்.

தன்னாலா என்று மேசி கேட்டாள். இல்லை, என்னால் என்றேன்.

டிசம்பர் 8, ஞாயிறு

டாரல் மதியச் சாப்பாட்டுக்கு வந்தான். பீன்ஸ் சூப், சோள ரொட்டி. மாத்திரை ஒத்துக்கொள்கிறதாம். செவ்வாய்தோறும் இவனைப்போன்ற ஏழெட்டுப் பேர் கூடிப் பேசுகிறார்களாம். பாதி நேரம் கால்பந்துப் பேச்சுதான் என்றான். கொஞ்சம் இளைத்திருக்கிறான்.

வந்தபோது கதவைத் தட்டினான். சாவி இன்னும் அவனிடம்தான் இருக்கிறது.

மேசி கதவருகே போய் யாரு என்று கேட்டாள்.

“அப்பாதான். நான் உள்ள வரலாமா?”

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். நீயே சொல் என்றேன். கொஞ்ச நேரம் யோசித்தாள். அவள் திறக்கும்வரை அவன் வெளியே பனியில் நின்றுகொண்டிருந்தான்.