விரதத்துக்குள் வந்த ஊசி

புளியங்குளம்
வைகாசி, திங்கட்கிழமை

அன்புள்ள மகள் யதுர்ஷிகாவுக்கு,

எங்கள் வீட்டுத் தொலைக்காட்சி இனிமேல் குசினி வாசலைப் பார்த்தபடி இருக்கவேண்டும் என்று சென்ற ஞாயிற்றுக்கிழமை தீர்மானிக்கப்பட்டது. முன்மொழிந்தவன் நான். வழிமொழிந்தவனும் நான். அம்மா அந்நேரம் தேத்தண்ணீர் போட்டுக்கொண்டிருந்ததால் எதிர்ப்பு எதுவும் பதிவாகவில்லை. சிங்கப்பூரில் நடந்த உயிரணு வளர்ப்பு, உயிரிமருந்து உற்பத்தி மாநாட்டில் நீ பேசுவதை அவர் அடுப்படியில் நின்றே பார்க்கவேண்டும் என்பதுதான் நோக்கம்.

நன்றாகப் பேசினாய். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் நீ எங்கேயும் தடக்கவில்லை. அப்படிப் பேசவேண்டும் என்றுதான் அம்மா வற்றாப்பளை அம்மனுக்கு நேர்ந்து, அந்தக் கோயிலின் வைகாசிப் பொங்கல் முடியும்வரை மச்சம் மாமிசம் தொடுவதில்லை என்று விரதம் இருக்கிறார். ஆகவே கைதட்டலில் பாதி இங்கே சேரவேண்டியது.

வில்லங்கம் மொழிபெயர்ப்பில் வந்தது. பக்கத்து வீட்டு ரியூசன் மாஸ்டர் சுமன் வசனத்துக்கு வசனம் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தான். மூட்டுவாதத்துக்கு அம்மா போடுகிற ஊசியும் இந்த வகைதான், எலி இனத்துச் சின்னச் சீவன் ஒன்றின் உயிரணுவைத் தொட்டியில் வளர்த்து எடுக்கிறார்கள் என்று பெருமையோடு சொன்னான். அம்மா அகப்பையைக் கீழே வைத்தார். அப்ப அது மச்சமெல்லோ என்று கேட்டார்.

வாராவாரம் போடுகிற ஊசியில் அந்தக் கிழமைக்குரியது இன்னும் குளிர்சாதனப் பெட்டியில் இருக்கிறது. பக்கத்தில் இருந்த தயிர்ச்சட்டியை அம்மா வேறு தட்டுக்கு மாற்றிவிட்டார். தவறவிட்டால் விரல் மூட்டெல்லாம் பழையபடி இறுகும் என்று டொக்டர் சொன்னது உனக்கும் தெரியும். பொங்கலுக்கு இன்னும் இரண்டு கிழமை கிடக்கிறது.

சுமனைத் திரும்பவும் கூப்பிட்டேன். அந்தச் சீவன் செத்து அறுபது வருடத்துக்கு மேலாகிறது, அதன் உயிரணுக்கள்தான் இன்னமும் பெருகிக்கொண்டிருக்கின்றன, அவற்றையும் வடித்து அகற்றிவிட்டே மருந்தை எடுக்கிறார்கள் என்று விளக்கினான். அம்மா கவனமாகக் கேட்டார். செத்த பிறகும் அதை ஆறவிடாமல் வேலை வாங்கிறீங்களோடா, பாவமெல்லோ என்றார். அவன் தேத்தண்ணீரைப் பாதியில் வைத்துவிட்டுப் போனான்.

பிள்ளையார் கோயில் ஐயரிடம் போனேன். முட்டை என்றால் இப்பவே சொல்லிவிடுவன், இதை நிர்வாகசபையில்தான் வைக்கவேணும் என்றார். சபை பொங்கலுக்குப் பிறகு கூடும்.

பிள்ளை, நேர்த்தி உன் பேரில் வைத்தது. ஆகையால் நீ கேட்டால் அம்மா இறங்கிவரக்கூடும். ஒருக்கால் அவருடன் கதை. மேடையில் காட்டிய படங்களைக் காட்டி விளக்கப்போகாதே. அது ஏற்கெனவே நடந்து முடிந்த காரியம். பேச்சு நல்லபடி முடிந்துவிட்டது, இனி ஊசியைப் போடுங்கோ அம்மா என்று மட்டும் கேள்.

அம்மன் உன்னைக் காக்கட்டும். நேரத்துக்குச் சாப்பிடு.

அன்புள்ள அப்பா,
பரமேஸ்வரன்

பி.கு.: இன்று காலை அம்மாவுக்குத் தலை இழுத்துப் பின்னிவிட்டது நான்தான்.