உன் ரத்தத்தில் வளர்ந்ததன் பெயர்

சித்தப்பா,

இன்று காலை மழை விட்டதும் தறிக்குழியிலிருந்து அந்த வாடை வந்தது. ஈர மண்ணும் எலியும் சேர்ந்த வாடை. அம்மா ஒரு சாக்கை எடுத்துக் குழியின் மேல் போட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். இப்போது வீட்டில் இரண்டு தறியும் சும்மா நிற்கின்றன. அது ஏன் என்று பிறகு சொல்கிறேன். நீ கேட்டு, நான் உனக்குச் சொல்ல முடியாமல் போன ஒன்றை முதலில் சொல்லவேண்டும்.

'நீங்கள்' என்று தொடங்கி எழுதிப் பார்த்தேன். தாசில்தாருக்கு மனு எழுதுவது போல இருந்தது. நேரில் கூப்பிட்டது போலவே எழுதுகிறேன்.

போன வருஷ மழையில் உன் குழியில் தண்ணீர் ஊறிக்கொண்டே இருந்தது. நீ தகர டப்பாவால் இறைத்துக் கொட்டுவாய். நெய்ய உட்கார்ந்து கொஞ்ச நேரத்துக்குள் திரும்பவும் கணுக்கால் வரை வந்துவிடும். தை மாதக் கல்யாணத்துக்கான கூறைப்புடவை தறியில் இருந்தது. கையில் ஈரம் இருந்தால் பட்டில் கறை விழும் என்று துண்டில் அழுத்தித் துடைத்துக்கொண்டுதான் ஊடிழை ஓட்டும் நாடாவைத் தொடுவாய். கால்கள் மட்டும் கீழே தண்ணீரில் மிதியை மிதித்துக்கொண்டிருக்கும். நான் பக்கத்தில் உட்கார்ந்து அறிவியல் பாடத்தைச் சத்தமாகப் படிப்பேன்.

"பாத்தியா டாக்டரம்மா, ஊட்டுக்குள்ளயே மெரினா பீச்சு. காசு குடுத்து மெட்ராஸ் போவணுமா?" என்பாய்.

"செருப்பாவது போட்டுக்கோ சித்தப்பா. காலெல்லாம் வெடிச்சுக் கெடக்குது."

"தறியில செருப்போட உக்காருவாங்களா? பொஸ்தகம் படிச்சுப் படிச்சு புத்தி மழுங்கிப் போச்சுது உனுக்கு."

தறியில் நீளவாக்கில் ஓடும் பாவு நூலுக்குப் போடும் கஞ்சியைத் தேடி எலிகள் வரும். விரட்டினால் குழிக்குள் இறங்கி மிதிக்கட்டை அடியில் பதுங்கும். இதையெல்லாம் நாம் ஒரு விஷயமாகவே நினைத்ததில்லை.

காய்ச்சல் வந்தபோது நீ முதலில் சொன்னது கால் வலியைத்தான். கெண்டைக்காலைத் தொட்டாலே கத்தினாய். கண் இரண்டும் சிவந்தன. பிறகு சிவப்பின் மேல் மஞ்சள் ஏறியது. அம்மா பார்த்ததும் காமாலை என்றாள். கொல்லையில் கீழாநெல்லி பறித்து அரைத்து மோரில் கலக்கிக் கொடுத்தாள். இங்கிலீஷ் வைத்தியத்தையும் விட்டுவிட வேண்டாம் என்று அப்பா உன்னை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். பையைத் தூக்கிக்கொண்டு நானும் வந்தேன்.

அந்த இளம் டாக்டர் உன் இமையை விலக்கிப் பார்த்தார். "வயல்ல எறங்கற வேலையா? சாக்கடை, குளம், தண்ணியில நிக்கற மாதிரி ஏதாவது?" என்று கேட்டார்.

அப்பா சிரித்தேவிட்டார். "நாங்க பட்டு நெய்யறவங்க டாக்டர். கையில ஈரமே படக்கூடாது."

நீயும் தலையாட்டினாய். அந்தப் பதிலில் ஒரு பெருமை இருந்தது, எனக்குமே இருந்தது. வீட்டுக்குள் உட்கார்ந்து செய்கிற வேலையைத் தண்ணீரில் நிற்கிற வேலை என்று நம் தெருவில் யார்தான் சொல்வார்கள்? டாக்டர் மாத்திரை எழுதிக்கொடுத்து, எண்ணெய் சேர்க்காதீர்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார். நாம் திரும்பி வந்தோம். அம்மா மறுபடியும் கீழாநெல்லி அரைத்தாள்.

அடுத்த முறை உன்னைக் கைவண்டியில்தான் கொண்டுபோனோம். ஈறிலிருந்து ரத்தம் கசிந்தது. சிறுநீர் நின்றுபோயிருந்தது. போர்வையை விலக்கிய டாக்டர் உன் பாதங்களைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார். ஊறி வெளுத்து, வெடிப்பு வெடிப்பாக இருந்தன.

"இது என்ன கால்?"

"தறிக்குழியில தண்ணி ஊறுது டாக்டர்" என்றாய் நீ, மூச்சு வாங்கிக்கொண்டு.

அவர் அப்பாவை ஒருமுறை பார்த்தார். திட்டவில்லை. திட்டியிருக்கலாம். உடனே பென்சிலின் போடச் சொன்னார். உன் ரத்தத்தை எடுத்து மெட்ராஸுக்கு அனுப்பினார். ஊசி போட்ட கையைத் தேய்த்துக்கொண்டே நீ என்னைக் கூப்பிட்டாய். "இன்னா பூச்சின்னு தெரிஞ்சா வந்து சொல்லு டாக்டரம்மா. இத்தினியூண்டு ஐட்டம் என்னைச் சாய்க்குதுன்னா, அதும் பேராவது எனுக்குத் தெரிய வேணாமா?"

மறுநாள் நீ இல்லை.

உன் காரியமெல்லாம் முடிந்து வெகுநாள் கழித்துத்தான் பதில் வந்தது. பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில் ஆஸ்பத்திரிக்குள் நுழைந்து கேட்பேன். ஒரு நாள் டாக்டர் என்னை உட்காரவைத்துச் சொன்னார். உன் ரத்தத்தை முயல் ரத்தத்தின் தெளிநீர் கலந்த திரவத்தில் விட்டு இருட்டில் வைத்திருந்தார்களாம். அது மெதுவாக வளருமாம். வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டுமாம். சாதாரண மைக்ராஸ்கோப்பில் தெரியாதாம். பின்னணியைக் கறுப்பாக்கிப் பார்த்தால், சரிகை இழையை முறுக்கிவிட்டது போல மினுங்கிச் சுழலுமாம். சரிகை என்று அவர் சொல்லவில்லை. அவர் சொன்னதைக் கேட்டு எனக்குத் தோன்றியது அதுதான். அதன் பெயர் லெப்டோஸ்பைரா.

அதில் பல வகை உண்டு. மாட்டிடம் இருப்பது ஒன்று, நாயிடம் இருப்பது ஒன்று. எந்த வகை என்று அறிய, ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக வைத்திருக்கும் சீரம் என்கிற ரத்தத் தெளிநீரோடு கலந்து பார்ப்பார்களாம். எதோடு சேர்ந்தால் கொத்துக் கொத்தாக ஒட்டிக்கொள்கிறதோ, அந்த வகை. உன்னுடையது இக்டெரோஹெமரேஜியே. பெரும்பாலும் எலி சுமப்பது. எலியின் சிறுநீர் கலந்த தண்ணீரில் இருந்து, வெடித்த தோல் வழியே உள்ளே போவது.

இதுதான் சித்தப்பா. நீ கேட்ட பெயர் இதுதான்.

பின்கட்டு மாட்டுக்கொட்டகையால்தான் உனக்கு நோய் வந்தது என்று அதுவரை அப்பா சொல்லிக்கொண்டிருந்தார். அந்தப் பெயருக்குப் பிறகு அப்படிச் சொல்ல வழியில்லை. நம் வீட்டுக் குழிதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை டாக்டர் சைக்கிளில் நம் வீட்டுக்கே வந்தார். தெருவில் எல்லாக் குழிகளையும் காயவைக்க வேண்டும், காய்ச்சல் வந்தால் முதல் நாளே வரச் சொல்ல வேண்டும், நடந்ததை நீங்களே சொன்னால் நம்புவார்கள் என்றார்.

அப்பா வாசலை அடைத்துக்கொண்டு நின்றார். "எங்க ஊட்ல எலி இல்லீங்க. என் தம்பிக்கு வந்தது காமாலை."

பரணில் எலி ஓடுகிற சத்தம் எங்கள் மூன்று பேருக்கும் கேட்டது.

அதற்கு முந்தின நாள்தான் முதலாளி வந்து போயிருந்தார். நமக்குப் பட்டும் சரிகையும் கொடுத்து நெய்த புடவையை வாங்கிப் போகிறவர். ஆஸ்பத்திரிப் பேச்சு அவர் காதுக்கும் எட்டியிருந்தது. உனக்காக வருத்தப்பட்டார். பிறகு குரலைத் தாழ்த்தி, "எலி மூத்திரம் பட்ட குழியில நெய்ஞ்ச கூறைப்புடவைன்னு ஒரு வார்த்தை வெளிய போச்சுன்னா, உன் ஊட்டுக்குப் பாவு குடுக்க மாட்டேன்பா" என்றார். அப்பா என்னைப் பார்த்து, "வாயத் தொறக்காத" என்றார். நீ பாதி நெய்து விட்டிருந்த புடவையை அப்பாதான் முடித்தார். யாரோ ஒரு பெண் அதை உடுத்திக்கொண்டு தாலி கட்டிக்கொண்டிருப்பாள். நீ செத்துப்போன காரணம் மட்டும் காமாலை என்றே நின்றுவிட்டது.

இந்த மழை தொடங்கிய வாரம் எதிர்வீட்டுக் குப்பம்மா அக்கா நம் கொல்லைக்கு வந்தாள். "கொஞ்சம் கீழாநெல்லி பறிச்சிக்கறேம்மா. எங்க ஊட்டுக்காரருக்கு, உங்கண்ணனுக்குத்தான், காய்ச்சல். கண்ணு செவந்துக்கினு இருக்குது. காலைத் தொட உட மாட்டேங்குது."

அம்மா என்னைப் பார்த்தாள். தலையை மெல்ல அசைத்தாள், வேண்டாம் என்று.

நான் சொல்லிவிட்டேன். உன்னிடம் சொல்ல வைத்திருந்த அந்தப் பெயரை முதன்முதலாகச் சத்தமாக, கையில் செடியோடு நின்றவளிடம் சொன்னேன். "ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போ அக்கா. குழியில தண்ணி இருக்குதுன்னு சொல்லு. மறக்காம அதைச் சொல்லு. எங்க சித்தப்பா அதுலதான் செத்துப்போச்சு."

அவள் ஓடினாள். அண்ணனுக்கு அன்றைக்கே ஊசி போட்டார்கள். பிழைத்துக்கொண்டார்.

நன்றி சொல்ல வருவாள் என்று நான் நினைத்தேன். எனக்கு உலகம் அவ்வளவுதான் தெரிந்திருந்தது. குப்பம்மா அக்கா முதலாளியிடம் போனாள். "இவங்க ஊட்டு எலிதான் எங்க ஊட்டுக்கும் வந்துச்சு. தெரிஞ்சிக்கினே ஒரு வருஷமா மூடி வெச்சிருந்தாங்க" என்றாள். தன் வீட்டுத் தறியைக் காப்பாற்ற அவளுக்கு வேறு வழி இருந்ததா, எனக்குத் தெரியவில்லை. அவள் சொன்னதில் பாதி உண்மையும்கூட. மறுநாள் முதலாளியின் ஆட்கள் வந்து இரண்டு தறியிலிருந்தும் பாவு நூலை அறுத்துச் சுருட்டிக்கொண்டு போனார்கள். அப்பா இப்போது ஐயம்பேட்டையில் இன்னொருவர் தறியில் கூலிக்கு உட்காருகிறார். அந்தக் குழியிலும் தண்ணீர் ஊறுகிறதாம். அதை அம்மாவிடம்தான் சொல்கிறார். என்னோடு அவர் பேசுவதில்லை.

உன்னிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது அந்த நீளமான பெயர்தான். தெருவில் அதைச் சரியாகச் சொல்லத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாமல் நிற்பவளும் நான் ஒருத்திதான். என்றைக்காவது ஒரு நாள் அதை என் கண்ணால் பார்க்க வேண்டும். உன்னை இல்லாமல் ஆக்கியதன் எதிரில் நின்று, இதுதானா என்று கேட்கவேண்டும்.

காலையில் பள்ளிக்குக் கிளம்பும்போது எதிர்வீட்டு அண்ணன் வெளியே வருவார். என்னைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டு வேகமாக நடப்பார். நான் அவர் முகத்தைப் பார்ப்பதில்லை சித்தப்பா. தரையில் ஊன்றி ஊன்றி நடந்து போகிற அந்தக் கால்களைத்தான் தெருமுனை வரை பார்த்துக்கொண்டு நிற்கிறேன்.