உன் இடப்பக்கத்து சீட்

இன்று காலை சேதராப்பட்டு கம்பெனி பஸ்ஸில் யாருடைய செல்போனோ அதிர்ந்தது. என் கை தானாக வலப்பக்கம் நீண்டது, உன் இடது கையைப் பிடித்து ஆட்ட. ஜன்னல் சீட் காலியாக இருந்தது. நீ போய் ஆறு மாதமாகிறது.

பத்தொன்பது வருடம் நீ ஜன்னலோரம், நான் உன் இடப்பக்கம். மூளையில் ரத்தக்குழாய் அடைத்தபின் உனக்கு மறந்துபோனது அந்தப் பக்கம்தான். கண்ணில் பழுதில்லை, இடப்பக்கம் என்று ஒன்று இருப்பதே மூளைக்குத் தெரியவில்லை என்றார் டாக்டர். பாதி முகத்துக்கு மட்டும் சவரம் செய்துகொண்டு மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருப்பாய். தட்டில் இடப்பக்கச் சோறு அப்படியே இருக்க, "இன்னும் கொஞ்சம் போடு" என்பாய். நான் சிரித்தேன். உன் மனைவி சிரிக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் உன் இடது மணிக்கட்டில் சென்சார் பட்டை ஒன்று கட்டினார்கள். கை கொஞ்ச நேரம் அசையாவிட்டால் அது அதிரும். நீ திரும்பிப் பார்த்து, நீயே கையை அசைக்க வேண்டும். "பக்கத்துல இருங்க, ஆனா தொடாதீங்க" என்று பிசியோதெரபி செய்த பெண் எனக்குச் சொல்லித்தான் அனுப்பினாள்.

ஷிஃப்ட் முடிந்து உன் வீட்டுக்கு வருவேன். உடம்பெல்லாம் வலிக்கும். பட்டை அதிரும். "அத நிறுத்துடா" என்று எரிந்து விழுவாய். நான் உன் கையைப் பிடித்து ஆட்டுவேன், அடங்கிவிடும். மூன்று வாரம் இப்படியே ஓட்டினேன். பட்டையில் பதிவானதைப் பார்த்த டாக்டர், "கை நல்லா வேலை செய்யுதே" என்று பயிற்சியைக் குறைத்துவிட்டார். ஆட்டியது நான்தான் என்று அன்று நான் சொல்லவில்லை.

மனசு கேட்காமல் பிறகு உன் மனைவியிடம் சொன்னேன். அவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். "பகல்ல நானும் அதாண்ணே செஞ்சிட்டிருந்தேன். முடியலண்ணே."

இருவரும் போய் ஒப்புக்கொண்டோம். பயிற்சி முதலிலிருந்து தொடங்கியது. நான் தொடாமல் உட்கார்ந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை பட்டை அதிர்ந்தபோது நீ கழுத்தை மெல்ல, மெல்லத் திருப்பினாய்.

"எப்படா வந்த?"

"இப்பதான்டா."

வந்து ஒரு மணி நேரமாகியிருந்தது.

அடுத்த மாதமே இரண்டாவது அடைப்பு உன்னைக் கொண்டுபோய்விட்டது. அந்த மூன்று வாரத்தை நாங்கள் வீணாக்காமல் இருந்திருந்தால் இன்னும் எத்தனை முறை திரும்பிப் பார்த்திருப்பாய்? கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. கேட்காமலும் இருக்க முடியவில்லை.

"ஜன்னலோரம் நகந்துக்குங்களேண்ணே" என்கிறார்கள் பஸ்ஸில். நான் நகர்வதில்லை. கஷ்டப்பட்டு நீ திரும்பினால், அங்கே நான் இருக்க வேண்டாமா?