தெரிஞ்ச ஆள்

அன்புள்ள அம்மாவுக்கு,

முழங்கால் வலி தேவலையா? அப்பா வேளைக்கு மாத்திரை போடுறாரா? நான் நல்லா இருக்கேன்.

ஒரு வேடிக்கை கேளுங்க. நேத்து என் பைக்கை போலீஸ் தூக்கிட்டுப் போயிடுச்சு. பயப்படாதீங்க, திரும்பக் கிடைச்சிடுச்சு. நான் தனியா உக்காந்து தைக்கிற கடை வாசல்ல நிறைய வண்டி நின்னுச்சு. வண்டி தூக்குற லாரி வந்ததும் பக்கத்துக் கடைக்காரங்க அவங்கவங்களுக்குத் தெரிஞ்ச ஆளுங்களைச் சத்தம் போட்டுக் கூப்பிட்டு எடுக்க வெச்சுட்டாங்க. என்னைக் கூப்பிடத்தான் ஆள் இல்லை. மெஷின் சத்தத்துல எனக்கும் ஒண்ணும் கேக்கலை.

ஸ்டேஷன்ல அபராதம் கட்டினதும், "உன்னைத் தெரிஞ்சவங்க யாராவது கையெழுத்துப் போடணும்"னார் போலீஸ்காரர். போன்ல தேடினேன். எல்லாம் நம்ம ஊர் நம்பர். பக்கத்துல நின்ன லாரிக்காரர்தான், "எனக்குத் தெரியும் சார், இவன் வண்டியை நான்தானே தூக்கினேன்"னு சொல்லிக் கையெழுத்துப் போட்டார். போலீஸ்காரரே சிரிச்சுட்டார்.

அம்மா, தினம் சாயங்காலம் ஒரு மிஸ்டு கால் கொடுங்க. பேசக்கூட வேண்டாம், போன் அடிச்சாப் போதும்.

இன்னைக்கும் வண்டி அதே இடத்துலதான் நிக்குது. லாரி வந்துடுச்சு போல. "ஏப்பா தையக்காரா, வண்டியை எடு!"ன்னு அந்த லாரிக்காரர் கத்துறார். என்னைத்தான்மா கூப்பிடுறார். ஓடுறேன்.

உங்க சின்னவன்