மாணிக்கம் என்று ஒரு தாத்தா

அன்பு நண்பனுக்கு,

வயிற்றுப் புண் ஆறவேண்டுமானால் காபியை விட்டுவிடுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். போன வாரத்திலிருந்து மருமகள் காலையில் ஒரு டம்ளர் வெந்நீரில் பால் கலந்து, சர்க்கரை போட்டுக் கொண்டுவந்து வைக்கிறாள். முதல் நாள் அதன் ஆவி முகத்தில் பட்டதும், தாம்பரம் விடுதி அறையின் ஜன்னலோரம் நீ உட்கார்ந்திருப்பது தெரிந்தது. மூன்று வருடம் நீ குடித்தது இதைத்தான். மூன்று வருடமும் அந்த டம்ளரை நான் சந்தேகத்தோடுதான் பார்த்தேன்.

காபி குடிக்காத கிறிஸ்தவனை நான் அதுவரை கண்டதில்லை. நானும் கிறிஸ்தவன்தான், அரக்கோணத்து உபதேசியார் ஒருவரின் பேரன். எங்கள் சபையில் ஆராதனை முடிந்ததும் காபிதான். உன் அப்பா அமெரிக்காவிலிருந்து தபாலில் வந்த ஒரு புத்தகத்தைப் படித்து, காபியும் டீயும் கூடாது என்கிற மார்மன் சபையில் சேர்ந்தவர் என்பதையும், கோயம்புத்தூரிலேயே உங்களைச் சேர்த்து நாலைந்து குடும்பங்கள்தான் இருக்கின்றன என்பதையும் முதல் நாளே நீ சொல்லிவிட்டாய். இவ்வளவையும் முதல் நாளே ஒருவன் சொல்கிறான் என்றால், சொல்லாமல் வைத்திருப்பது எவ்வளவு இருக்கும் என்று நான் யோசித்தேன்.

நீ பேசும் விதமும் எனக்குச் சரிப்படவில்லை. ஒரே வயது, ஒரே வகுப்பு. "தண்ணி வேணுங்களா?" என்பாய். உங்கள் ஊர்ப்பக்கம் எல்லோருமே அப்படித்தான் பேசுவார்கள் என்பது எனக்குத் தெரியாது. என்னிடம் ஏதோ காரியம் ஆகவேண்டியிருக்கிறது என்று முடிவு செய்தேன். ஒரு தபால் அட்டையில் பன்னிரண்டு வேத வசனங்களை எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். நீ என்னை மதம் மாற்ற முயலும்போது வரிசையாகச் சொல்லி உன்னை மடக்க வேண்டும் என்பது திட்டம்.

நம் அறையின் மூன்றாவது ஆள் பாஸ்கருக்கு இந்தக் கவலைகள் கிடையாது. சைதாப்பேட்டைக்காரன். வீட்டில் படிக்க இடமில்லை என்று விடுதிக்கு வந்தவன். உன் பங்குக் காபியையும் அவனே குடித்தான். மாதத்தின் முதல் ஞாயிறு நீ உபவாசம் இருப்பாய். மெஸ்ஸில் அன்றைக்கு ஆட்டுக்கறி.

"இன்னா மச்சான், மட்டன் போடற அன்னிக்குப் பாத்து பட்டினி கெடக்கச் சொல்லுதே உங்க சபை? ரொம்ப நல்ல சபைடா. தட்ட இப்டி தள்ளு."

"எடுத்துக்கங்க பாஸ்கர். வயித்தையும் கொஞ்சம் பாத்துக்கங்க."

திங்கட்கிழமை சாயங்காலம் வந்தால் எனக்கு நடுக்கம். வாரத்தில் ஒரு மாலை குடும்பமாக உட்கார வேண்டும் என்பது உங்கள் வீட்டு வழக்கம். இங்கே குடும்பத்துக்கு எங்கே போவது? எங்கள் இருவரையும் குடும்பமாக்கிக்கொண்டாய். ஒரு பாட்டு, ஒரு சின்ன வாசிப்பு, பிறகு ஒரு விளையாட்டு, கடைசியில் உன் அம்மா கொடுத்தனுப்பிய கச்சாயம், உங்கள் ஊர் வெல்லப் பலகாரம். பாஸ்கர் கடித்து விழுங்கிய பிறகே நான் கையில் எடுப்பேன்.

"தின்னுடா," என்பான். "வெசம் வெச்சிருந்தா நான் இந்நேரம் பூட்டிருப்பேன்."

நீ சிரிப்பாய். அந்தச் சிரிப்பையும் நான் மனதில் குறித்துக்கொள்வேன்.

அப்படியொரு திங்கட்கிழமைதான் நீ நீளமான ஒரு தாளை விரித்தாய். கட்டம் கட்டமாகக் கோடு போட்டிருந்தது. அப்பா, தாத்தா, அவருடைய அப்பா என்று பெயர்களைத் தேடிச் சேர்ப்பது உங்கள் சபையின் வழக்கம் என்றாய். இறந்துபோன உறவினர்களுக்காக உயிரோடிருப்பவர்கள் ஞானஸ்நானம் எடுப்பார்களாம்.

"செத்தவங்கள கேக்காமயேவா?" என்றேன்.

"வேண்டாம்னா அவங்க அந்த உலகத்துலயே வேண்டாம்னு சொல்லிக்கலாமுங்க. உங்களுக்கும் ஒரு தாளு எழுதித் தாறேன். இது சபைக்கு இல்லீங்க, நீங்களே வெச்சுக்கங்க. தாத்தா பேரு என்னங்க?"

நாற்பது வருடம் ஊர் ஊராக நடந்து பிரசங்கம் செய்த தாத்தாவை, கல்லறைக்குள் இருக்கும்போது, என் ஒரு சொல்லால் வேறு சபைக்கு அனுப்பிவிடுவேனோ? சட்டைப் பையில் இருந்த பன்னிரண்டு வசனங்களில் ஒன்றுகூட இதற்குப் பொருந்தவில்லை.

"மாணிக்கம்" என்றேன். வாயில் வந்த பெயர்.

"கல்லறை?"

"அரக்கோணம்." அது மட்டும் உண்மை.

பூஜை விடுமுறைக்குக் கோயம்புத்தூர் போகும் வழியில் நீ அரக்கோணத்தில் இறங்குவாய் என்று நான் நினைக்கவேயில்லை. திரும்பி வந்த அன்று, கல்லின் மேல் காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்த எழுத்துகளை என் மேஜையில் விரித்தாய். மாணிக்கம் என்று ஒருவர் உண்மையாகவே அங்கே இருந்திருக்கிறார்.

"கல்லு தெரியாத அளவுக்கு முள்ளு மண்டிக் கெடந்துச்சுங்க. வெட்டிச் சுத்தம் பண்ணிக் கழுவி உட்டுட்டு வந்தேன்."

பாஸ்கர் எட்டிப் பார்த்தான். "வயசு இருவத்திமூணுன்னு போட்டுகீது. இருவத்திமூணு வயசுலயே பேரன் எடுத்துட்டாரா உங்க தாத்தா? பலே ஆளுடா!"

நீ ஒரு கணம் என் முகத்தைப் பார்த்தாய். பிறகு காகிதத்தை நாலாக மடித்தாய்.

"கல்லு வெட்டுனவரு தப்பா வெட்டியிருப்பாருங்க."

அந்த ஒரு வாக்கியத்தைப் பல வருடம் புரட்டிப் பார்த்திருக்கிறேன். நம்பித்தான் சொன்னாயா? என்னைக் காப்பாற்றச் சொன்னாயா? காப்பாற்றினாய் என்றால், அதற்குப் பதிலாக என்ன கேட்கப் போகிறாய்? நீ எதுவும் கேட்கவில்லை. என்னை ஒருமுறைகூட உன் சபைக்கு அழைக்கவும் இல்லை. பன்னிரண்டு வசனங்களும் வியர்வையில் ஊறி, எழுத்து அழிந்து போயின. அடுத்த முறை ஊருக்குப் போனபோது பார்த்தேன்: என் உண்மையான தாத்தாவின் கல்லறை, நீ சுத்தம் செய்த இடத்திலிருந்து இரண்டு வரிசை தள்ளித்தான் இருந்தது. அதற்கு முன் நாங்கள் யாரும் அங்கே போய் எத்தனையோ காலம். முள் வெட்ட நீ அதைத் தாண்டித்தான் போயிருக்க வேண்டும்.

கடைசித் தேர்வு முடிந்து தாம்பரம் ஸ்டேஷனில் உன்னை வழியனுப்ப வந்தேன். சொல்லிவிடுவது என்று முடிவு செய்துதான் வந்தேன். மின்சார ரயில் வந்து நின்றது. பெட்டியை உள்ளே வைத்துவிட்டு வாசலில் நின்று கேட்டாய்: "வேற ஏதாச்சும் சொல்லணுங்களா?"

"உடம்பப் பாத்துக்கோ" என்றேன்.

அதற்குப் பிறகு வருடம் தவறாமல் கிறிஸ்துமஸுக்கு உன் கடிதம் வரும். பிள்ளைகள், வேலை, மழை எல்லாம் எழுதிவிட்டுக் கடைசியில் ஒரு வரி: "தாத்தா விவரம் ஏதாவது கிடைத்தால் எழுதுங்க." மாணிக்கம் தாத்தா என்று நீ எழுதியதேயில்லை. நான் ஒவ்வொரு கடிதத்துக்கும் மறு வாரமே பதில் போட்டேன். அந்த ஒரு வரிக்கு மட்டும் பதில் எழுதவில்லை. தெரிந்துகொண்டே கேட்கிறானோ என்று ஒரு வருடம் தோன்றும், வெறும் வழக்கமாக எழுதுகிறானோ என்று அடுத்த வருடம் தோன்றும். போன கிறிஸ்துமஸுக்குக் கடிதம் வரவில்லை. ஜனவரியில் பாஸ்கர் போன் செய்தான். "நம்ம கோயமுத்தூரான் பூட்டான்டா" என்று நீ இறந்த செய்தியைச் சொன்னான்.

உனக்குத் தெரிந்திருந்ததா என்று கேட்டுத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். அந்தக் கேள்வியைக்கூட என் பயம்தான் கேட்கிறது என்று பாதியில் புரிந்தது. தெரியாமல் செய்திருந்தாலும் தெரிந்தே செய்திருந்தாலும், முள் வெட்டியது நீதான். ஐம்பது வருடமாக என்னிடமே தங்கிப்போனதை இப்போது சொல்கிறேன்.

என் தாத்தா பெயர் சாமுவேல் தேவசகாயம். பாட்டி அன்னம்மாள். தாத்தாவின் அப்பா ஞானஸ்நானம் பெறுவதற்கு முன் சின்னப்பன். அதற்கு மேல் எங்களுக்குத் தெரியாது. எதற்கு என்று கேட்காமல் நான் ஒருவருக்குக் கொடுக்கும் முதல் விவரம் இது. எழுதிக்கொள்.